ஒரு சதமும் செலவில்லாமல் போனிலேயே கையொப்பம் வைப்பது எப்படி?

மானிப்பாயில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு ரொறன்ரோவிலிருந்து மகள் ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். நாலு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு புள்ளிக்கோடு. அதன் மேல் பெரியம்மாவின் கையொப்பம் வேண்டும், அவ்வளவுதான். பெரியம்மா அதற்காக ஒரு நாளையே ஒதுக்கி வைத்திருந்தார். காலையில் சமையலை முடித்துவிட்டு பஸ் ஏறி ரவுணுக்குப் போவது, கடையில் நாலு பக்கத்தையும் பிரிண்ட் எடுப்பது, அங்கேயே நின்று ஒப்பம் வைப்பது, அதைத் திரும்ப ஸ்கான் பண்ணி மகளுக்கு மெயில் போடச் சொல்வது. மழை வேறு இருட்டிக்கொண்டு நின்றது. "குடையை எடுத்துக்கொண்டு வா தம்பி, ரெண்டு பேருமாப் போட்டு வருவம்" என்றார்.

நாங்கள் போகவில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே, பெரியம்மாவின் போனில், பெரியம்மாவின் விரலாலேயே ஒப்பம் வைத்து அனுப்பினோம். முதல் தடவை என்பதால் பத்து நிமிடம் பிடித்தது. அங்கே விடிந்து மகள் எழும்பும்போது படிவம் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அயலட்டையில் பலருக்கு இதைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒரே இடத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன். கணினி பழக்கம் தேவையில்லை. வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பத் தெரிந்தவர் எவரும் இதைச் செய்யலாம்.

தொடங்க முன்: இது மையால் வைக்க வேண்டிய ஒப்பமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் செய்த வேலை வீணாகும்.

போனிலோ கணினியிலோ வைக்கும் ஒப்பத்துக்கு இலங்கைச் சட்டத்தில் இடம் உண்டு. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இருக்கிறது. 2017 இல் 25 ஆம் இலக்கச் சட்டத்தால் அதைத் திருத்தினார்கள். ஒரு ஆவணம் தாளில் இல்லை, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செல்லாது என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் அதன் சாரம். ஆனால் சில காரியங்களை அந்தச் சட்டமே தனக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. மரண சாசனம், அற்றோணித் தத்துவம் (நமக்குப் பதிலாக இன்னொருவர் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), காணி பூமியை விற்பதற்கும் கைமாற்றுவதற்குமான ஒப்பந்தங்கள் எல்லாம் அந்தப் பக்கம்.

யாழ்ப்பாணத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். காணி இங்கே கிடக்கும், பங்காளிகள் நாலு நாட்டில் இருப்பார்கள். "அண்ணா லண்டனிலிருந்து போனில் ஒப்பம் வைத்து அனுப்பட்டும், உறுதியை முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காணி உறுதி என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால், எல்லாரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, கையால் ஒப்பம் வைத்து முடிப்பது. வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புவதுதான் வழக்கம். அதுவும் மையால்தான். இந்த விடயத்தில் சட்டத்தரணி சொல்வதைக் கேளுங்கள், போன் உதவாது.

கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், சமாதான நீதவான் "உண்மைப் பிரதி" என்று முத்திரை குத்தித் தரும் கொப்பி போன்றவற்றிலும் அடுத்தவருடைய ஒப்பமும் முத்திரையும்தான் முக்கியம். அதற்கு நேரில் போகத்தான் வேண்டும். பெருவிரல் அடையாளம் வைப்பவர்களுக்கும் இந்த வழி பொருந்தாது. வங்கிகள் உங்கள் ஒப்பத்தைத் தங்களிடமுள்ள மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவை. கிளைக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இவை தவிர்ந்தது நிறைய இருக்கிறது. வேலை விண்ணப்பம், நியமனக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளும் பதில், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பெற்றோரின் சம்மதம், சங்கக் கடிதம், கொட்டேசன், ரியூசன் வகுப்புப் பதிவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனுப்பும் படிவம். சந்தேகமென்றால் அனுப்பியவரிடமே "ஸ்கான் கொப்பி காணுமா, மூலப்பிரதி வேண்டுமா?" என்று கேளுங்கள். ஸ்கான் கொப்பி காணும் என்று சொன்னால் போனில் வைத்த ஒப்பமும் அநேகமாகக் காணும்.

அண்ட்ரொய்ட் போனில்

நம்மில் கூடுதலானோர் கையில் இருப்பது அண்ட்ரொய்ட் போன் என்பதால் இதையே விரிவாக எழுதுகிறேன்.

ப்ளே ஸ்டோரில் அடோபி அக்ரோபட் ரீடர் என்று தேடி இறக்குங்கள். அதே மாதிரி பெயரோடும் படத்தோடும் வேறு செயலிகளும் வரும். வெளியிட்டவர் பெயர் அடோபி என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்ததும் கணக்குக் கேட்டால் உங்கள் கூகிள் கணக்காலேயே உள்ளே போகலாம். பிறகு மாதாமாதம் காசு கட்டும் திட்டம் ஒன்றைப் பெரிதாகக் காட்டும். பெரியம்மா அந்த இடத்தில் பயந்து போனையே என்னிடம் தந்துவிட்டார். மூலையிலுள்ள பெருக்கல் அடையாளத்தைத் தட்டினால் அது போய்விடும். எழுத்துக்களை மாற்றுவது, பல கோப்புகளை ஒன்றாக்குவது போன்ற வேலைகளுக்குத்தான் அந்தக் காசு. படிவம் நிரப்பி ஒப்பம் வைப்பது இலவசம். வங்கி அட்டை இலக்கத்தை எங்கேயும் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி வேலை.

1. வட்ஸ்அப்பில் வந்த படிவத்தைத் தட்டுங்கள். எந்தச் செயலியால் திறப்பது என்று கேட்டால் அக்ரோபட்டைத் தெரிவு செய்யுங்கள். மெயிலில் வந்திருந்தால் முதலில் இறக்கி வைத்துவிட்டு அக்ரோபட்டுக்குள் போய்த் திறப்பது இலகு.

2. திரையில் ஒரு பென்சில் அடையாளம் தெரியும். அதைத் தட்டினால் வரும் பட்டியலில் "ஃபில் அண்ட் சைன்" என்று இருக்கும். செயலியைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க பொத்தான்களின் இடம் மாறும். "சைன்" என்ற சொல்லைத் தேடினால் வழி தவறாது.

3. பெயர், முகவரி, திகதி எழுத வேண்டிய வெற்றிடத்தைத் தட்டி எழுதுங்கள். ஒப்பத்தை முதலில் வைத்துவிட்டு மற்றதை நிரப்பும் பழக்கம் வேண்டாம். தாளில் எது கூடாதோ அது இங்கும் கூடாது.

4. பேனை அடையாளத்தைத் தட்டி, புதிய கையொப்பம் உருவாக்கு என்பதைத் தெரிவு செய்யுங்கள். வெறும் வெள்ளைத் திரை வரும். போனைப் படுக்கைப் பக்கமாகத் திருப்பி, விரலால் ஒப்பம் வையுங்கள். சரி வராவிட்டால் அழித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். எத்தனை தரம் என்றாலும் பிரச்சினையில்லை.

5. முடிந்தது என்று கொடுத்ததும், படிவத்தில் ஒப்பம் வர வேண்டிய இடத்தைத் தட்டுங்கள். ஒப்பம் அங்கே வந்து இருக்கும். விரலால் இழுத்துக் கோட்டின் மேல் சரியாக வைத்து, மூலையைப் பிடித்து அளவைக் குறையுங்கள். அச்செடுத்தால் நாலைந்து சென்ரிமீற்றர் நீளம் வரும் அளவு போதும். பக்கத்தில் உள்ள எழுத்துக்களை மூடக் கூடாது.

6. சேமித்து, பகிர்வதற்கான அடையாளத்தைத் தட்டி, வந்த வழியிலேயே அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாகவே அனுப்ப வேண்டும். திரையைப் படம் பிடித்து அனுப்பினால் எழுத்து மங்கிப்போகும், பெறுபவர் திரும்பக் கேட்பார்.

நாலாவது படியில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், ஆகவே அதில் கொஞ்சம் நிற்போம். பெரியம்மா முதலில் நக நுனியால் அழுத்தி அழுத்தி எழுதினார். நகத்தை அந்தக் கண்ணாடி உணராது. கோடு வெட்டி வெட்டி விழுந்தது. விரலின் சதைப் பகுதியால், அழுத்தாமல், தடவுவது போல வைக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை கோடு வெட்டாமல் தொடர்ந்துதான் வந்தது, ஆனால் நேசரிப் பிள்ளை எழுதியது போல இருந்தது. ஏனென்றால் அவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கீறினார். தாளில் ஒப்பம் வைக்கும்போது நாம் எழுத்தைப் பார்ப்பதில்லை. கை தன்பாட்டில் ஓடும். "திரையைப் பாக்காதேங்கோ பெரியம்மா, வங்கிப் புத்தகத்தில வைக்கிற மாதிரி வையுங்கோ" என்றேன். மூன்றாம் தடவை விரல் ஓடிய வேகத்திலேயே கடைசி எழுத்தின் வால் இடப்பக்கம் திரும்பி வந்து பெயருக்குக் கீழே கோடாக நின்றது. நாற்பது வருடமாக அவர் வைக்கும் அதே ஒப்பம். "ஓம், இதுதான் என்ரை" என்றார்.

கை ஈரமாக இருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். திரைக்கு மேல் ஒட்டிய கண்ணாடி வெடித்திருந்தால் அந்த இடத்தில் கோடு துள்ளும்; வெடிப்பில்லாத பக்கமாகத் திருப்பி வைக்கலாம். போனை மடியில் வைக்காமல் மேசையில் வைத்தால் கை ஆடாது. எல்லாம் செய்தும் விரலால் வரவே வராது என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. தாளில் வைத்த ஒப்பத்தைப் படம் பிடித்துச் சேர்ப்பது அது. கீழே வருகிறேன்.

ஐபோன் வைத்திருப்போர்

உங்களுக்கு எதையும் இறக்கத் தேவையில்லை. படிவமாக வந்த பிடிஎஃப் கோப்பை "ஃபைல்ஸ்" என்ற இடத்தில் சேமித்துத் திறந்து, பேனை நுனி போன்ற அடையாளத்தைத் தட்டுங்கள். கீழே வரும் கருவிகளில் கூட்டல் அடையாளத்தைத் தட்டினால் "அட் சிக்னேச்சர்" வரும். விரலால் வைத்து, இழுத்து, அளவு பார்த்து, முடித்துவிடலாம். இணையத் தொடர்பு இல்லாமலும் இது வேலை செய்யும். அப்பிள் மடிக்கணினி உள்ளவர்கள் "பிரிவியூ" செயலியில் இதையே செய்யலாம். வெள்ளைத் தாளில் வைத்த ஒப்பத்தை கமெராவுக்கு முன் பிடித்தால் அதுவே எடுத்துக்கொள்ளும்.

தாளில் வைத்த ஒப்பத்தைப் படமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால், அடிக்கடி கடிதம் எழுதுபவர்களுக்கு இதுதான் நல்ல வழி. விரலால் வைத்ததைவிட இது உங்கள் ஒப்பத்தைப் போலவே இருக்கும். ஒரு தரம் ஆறுதலாக இருந்து வடிவாகச் செய்தால் வருடக்கணக்கில் பயன்படும்.

கோடு இல்லாத வெள்ளை ஒற்றை ஒன்றை எடுங்கள். கறுப்பு ஜெல் பேனை நல்லது. சாதாரண நீலப் பேனை படத்தில் மங்கலாக விழும். இடைவெளி விட்டு ஐந்தாறு ஒப்பம் வையுங்கள். நாலாவது, ஐந்தாவதுதான் இயல்பாக வரும். அதில் நல்லதைத் தெரிவு செய்யுங்கள். கடவுச்சீட்டிலும் வங்கியிலும் வைத்த அதே ஒப்பமாக இருக்கட்டும். படத்துக்காக அழகுபடுத்தப் போக வேண்டாம். தமிழில் ஒப்பம் வைப்பவர்கள் தமிழிலேயே வையுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

படம் எடுக்கும் இடம்தான் முக்கியம். மின்குமிழுக்குக் கீழே எடுத்தால் உங்கள் தலையின் நிழலும் கையின் நிழலும் தாளில் விழும். பிறகு அந்த நிழல் சாம்பல் திட்டாக ஒப்பத்தைச் சுற்றி நிற்கும். நடு முற்றத்து வெயிலில் வைத்தால் தாள் கண்ணைக் கூசும் வெள்ளையாகி மெல்லிய கோடுகள் காணாமல் போகும். காலையிலோ நாலு மணிக்குப் பிறகோ, யன்னல் ஓரத்திலோ விறாந்தை விளிம்பிலோ தாளை வைத்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து வரும்படி நின்று, போனைத் தாளுக்கு நேர் மேலே சரியாமல் பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். எடுத்த பிறகு, ஒப்பத்தை ஒட்டினாற்போல் நாலு பக்கமும் வெட்டிவிடுங்கள்.

இப்போது ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அந்தப் படத்தை அப்படியே கடிதத்தில் வைத்தால், ஒப்பத்தோடு சேர்ந்து வெள்ளைப் பெட்டி ஒன்றும் வந்து கீழேயுள்ள புள்ளிக்கோட்டை மூடும். பார்த்தவுடனேயே ஒட்டி வைத்தது என்று தெரிந்துவிடும். வெள்ளையை நீக்கிவிட வேண்டும். அக்ரோபட் செயலியில் புதிய கையொப்பம் உருவாக்கும் இடத்திலேயே படத்தையோ கமெராவையோ தெரிவு செய்தால் அது தானாகவே வெள்ளையை நீக்கிக்கொள்ளும். கணினியில் வேர்ட் இருந்தால், படத்தைச் சேர்த்துத் தெரிவு செய்து, படத்துக்கான பட்டியலில் "கலர்" என்பதற்குள் போய், "செட் ட்ரான்ஸ்பரன்ட் கலர்" என்பதைத் தட்டி, படத்தின் வெள்ளைப் பகுதியில் ஒருமுறை சொடுக்குங்கள். வெள்ளை மறைந்துவிடும். திட்டுத்திட்டாக மிஞ்சினால் நிழல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்; மல்லுக்கட்டாமல் வேறு படம் எடுப்பதே கெதியான வழி. வெள்ளை நீங்கிய படத்தை பிஎன்ஜி வகையில் சேமியுங்கள். ஜேபெக் வகையில் சேமித்தால் வெள்ளை திரும்ப வந்துவிடும்.

கணினியில்

நீங்களே வேர்ட்டில் தட்டிய கடிதம் என்றால், ஒப்பப் படத்தைச் சேர்த்து, அதன் மேல் வலச் சொடுக்குப் போட்டு "ராப் டெக்ஸ்ட்" என்பதில் "இன் ஃபிரண்ட் ஒஃப் டெக்ஸ்ட்" தெரிவு செய்யுங்கள். அதன் பிறகுதான் படத்தை நினைத்த இடத்துக்கு இழுக்க முடியும். இதைச் செய்யாமல் படத்தை இழுத்தால் பந்திகள் எல்லாம் குழம்பும். கடைசியில் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். வேர்ட் கோப்பாக ஒருபோதும் அனுப்ப வேண்டாம். அதில் யாரும் உங்கள் ஒப்பத்துக்கு மேலே உள்ள எழுத்தை மாற்றலாம், ஒப்பத்தை மட்டும் பிரித்தெடுத்து வேறு கடிதத்தில் வைக்கலாம்.

தமிழ்க் கடிதங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இன்னும் பல இடங்களில் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் அந்தக் கடிதம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தட்டிய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கும். ரைப் பண்ணித் தருபவரிடம் "பிடிஎஃப் ஆக்கித் தாங்கோ" என்று கேட்டு வாங்குங்கள்.

பிடிஎஃப்பாக வந்த படிவத்துக்கு ஃபயர்பொக்ஸ் உலாவி போதும். பிடிஎஃப்பை அதில் திறந்தால் மேலே வலப்பக்கம் எழுத்துச் சேர்க்க, கீற, படம் சேர்க்க என்று கருவிகள் இருக்கும். எழுத்துக் கருவியால் நிரப்பி, படக் கருவியால் உங்கள் ஒப்பப் படத்தை வைத்து, சேமியுங்கள். கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை, கரண்ட் போய் வைஃபை நின்றாலும் மடிக்கணினியில் செய்யலாம். விண்டோஸோடு வரும் எட்ஜ் உலாவியிலும் பிடிஎஃப்பில் கீறும் வசதி உண்டு, ஆனால் மவுஸைப் பிடித்து ஒப்பம் வைப்பது யாருக்கும் சரியாக வராது. லிப்ரெஒஃபிஸ் ட்ரோவால் பிடிஎஃப்பைத் திறந்தும் படம் சேர்க்கலாம். ஆங்கிலப் படிவத்துக்குச் சரி. தமிழ்ப் படிவத்தை அதில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்துச் சிதைவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் நான் தவிர்த்துவிடுகிறேன்.

படிவம் தாளில் இருந்தால்

ஸ்கானர் தேவையில்லை. அண்ட்ரொய்டில் கூகிள் ட்ரைவ் செயலியைத் திறந்து ஸ்கான் பொத்தானைத் தட்டினால் தாளின் ஓரங்களைத் தானே கண்டுபிடித்து, நேராக்கி, பிடிஎஃப் ஆக்கித் தரும். ஐபோனில் நோட்ஸ் செயலியிலேயே ஸ்கான் வசதி உண்டு. பிடிஎஃப் ஆன பிறகு மேலே சொன்ன வழிதான். பேனை கையில் இருந்தால் தாளிலேயே ஒப்பம் வைத்துவிட்டு ஸ்கான் பண்ணி அனுப்புவது இன்னும் சுலபம்.

திகதியில் ஒரு கவனம். வெளிநாட்டுப் படிவங்களில் 03/04 என்று எழுதினால் மார்ச் நாலா, ஏப்ரல் மூன்றா என்று குழம்பும். எந்த ஒழுங்கில் கேட்கிறார்கள் என்று பெட்டியின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் மாதத்தை எழுத்தாலேயே எழுதுங்கள்.

இரண்டு மூன்று பேர் ஒப்பம் வைக்க வேண்டிய கடிதம்

எங்கள் வாசிகசாலையால் வீதி விளக்குக்காகப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதினோம். தலைவர் ஊரில், செயலாளர் வேலைக்காகக் கிளிநொச்சியில், பொருளாளர் நெடுந்தீவில் படிப்பிக்கிறார். முன்பென்றால் அவர் குறிகட்டுவானுக்குப் படகில் வந்து பஸ் பிடித்து வரும்வரை கடிதம் காத்திருக்கும். இந்த முறை கடிதத்தை எங்கள் குழுவில் போட்டு, மூவரையும் ஒப்பம் வைக்கச் சொன்னோம். மூவரும் அன்றைக்கே வைத்துவிட்டார்கள். ஆனால் மூன்று கடிதங்கள் திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஒப்பம்.

எல்லாரும் முதல் போட்ட கோப்பையே எடுத்தது தான் காரணம். பிறகு வரிசைப்படுத்தினோம். பொருளாளர் வைத்து செயலாளருக்கு அனுப்புவார். செயலாளர் அந்தக் கோப்பிலேயே வைத்துத் தலைவருக்கு அனுப்புவார். தலைவர் கடைசியாக வைத்துக் குழுவில் போடுவார். கோப்பின் பெயரில் ஒப்பம்-1, ஒப்பம்-2 என்று சேர்த்துக்கொண்டே போனால் எது கடைசி என்று குழப்பம் வராது. குழுவில் பொதுவாகப் போடாமல் ஆளுக்கு ஆள் தனியே அனுப்புங்கள், அதுதான் இதில் முக்கியம். கடைசிக் கோப்பை ஒரு பிரிண்ட் எடுத்து, ஒருவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

சங்கத்தின் றபர் முத்திரையையும் படமாக்கி வைக்கலாமா என்று கேட்பார்கள். செய்யத்தான் முடியும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். முத்திரை ஒருவருடைய சொத்து இல்லை. அதைப் படமாக்குவதென்றால் கூட்டத்தில் தீர்மானித்து, அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, யார் கையில் அந்தப் படம் இருக்கும் என்பதையும் முடிவு செய்துவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் ஒப்பம் உங்களிடமே இருக்கட்டும்

ஒப்பம் சேர்த்துத் தரும் இணையத்தளங்கள் ஏராளம் உள்ளன. தேடினால் முதலில் அவைதான் வரும். கோப்பை அவர்களுடைய கணினிக்கு ஏற்ற வேண்டும், ஒப்பத்தையும் அங்கேயே வைக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம், சம்பளம், முகவரி எல்லாம் உள்ள படிவத்தை ஊர் பெயர் தெரியாத இடத்துக்கு ஏற்றுவதற்கு எந்தத் தேவையும் இல்லை, அதே வேலையை உங்கள் போனே செய்யும்போது. நான் மேலே சொன்ன வழிகளைத் தெரிவு செய்ததற்குக் காசு மட்டும் காரணம் இல்லை, இதுவும்தான்.

எனக்கு இந்தப் பயம் வந்ததற்கு ஒரு சம்பவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் ஒப்பம் வைத்த கடிதமொன்றை ஸ்கான் பண்ணக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து வேறு அலுவலாகப் போனபோது, அந்தக் கணினித் திரையின் முகப்பிலேயே என் பெயரோடு அந்தக் கோப்பு இருந்தது. அதைச் சுற்றி யார் யாருடையவோ அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும். யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்கவில்லை, அழிக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் கணினிக்கு முன்னால் எத்தனை பேர் இருந்து எழும்பியிருப்பார்கள்! கடையில் செய்யத்தான் வேண்டுமென்றால், வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பைக் கடைக் கணினியோடு இணைத்திருந்தால், உங்கள் போனில் இணைத்த சாதனங்கள் பட்டியலில் போய் அதை வெட்டிவிட்டு வெளிக்கிடுங்கள். பொறுமையாகக் கேட்டால் எவரும் மறுப்பதில்லை.

ஒப்பம் வைத்த பிடிஎஃப்பில் அந்த ஒப்பம் சில வேளை ஒரு தனிப் படமாகவே மிதந்துகொண்டிருக்கும். பெறுபவர் அதைத் தட்டி நகர்த்தவும் எடுக்கவும் முடியும். அதைத் தாளோடு தாளாக்க ஒரு வழி: பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலாக "சேவ் அஸ் பிடிஎஃப்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸில் அது "மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்று இருக்கும். வரும் புதிய கோப்பில் ஒப்பம் பக்கத்தோடு ஒட்டிவிடும். அதற்குப் பிறகும் முயன்றால் வெட்டி எடுக்கலாம்தான், ஆனால் கைதவறி நகராது. வெறும் படிவத்தில் ஒப்பம் மட்டும் வைத்து "மிச்சத்தை நீங்களே நிரப்புங்கோ" என்று யாருக்கும் அனுப்பக் கூடாது.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகளே விரலால் கீறி வைத்துவிடுவது வழக்கமாகி வருகிறது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அது அவர்களுடைய ஒப்பம் இல்லை. போனை அவர்கள் கையில் கொடுங்கள், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள், மூன்று தரம் பிழைத்தாலும் பொறுத்திருங்கள்.

இணைப்பு அனுப்பி ஒப்பம் கேட்டால்

வெளிநாட்டு நிறுவனங்கள் பிடிஎஃப் அனுப்பாமல், டொக்கியுசைன் போன்ற சேவையால் ஒரு இணைப்பை மெயிலில் அனுப்பும். ஒப்பம் வைப்பவருக்கு அதில் செலவில்லை, அனுப்புகிறவர்தான் கட்டுவார். இணைப்பைத் திறந்தால் எங்கே வைக்க வேண்டும் என்று அதுவே கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் இப்படியொரு மெயில் வந்தால் தட்டாதீர்கள். அனுப்பியதாகச் சொல்லப்படுபவருக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். கடவுச்சொல்லோ வங்கி விபரமோ கேட்டால் அது பொய்.

சில இடங்களில் "டிஜிட்டல் கையொப்பம்" வேண்டும் என்று எழுதியிருக்கும். அது நாம் இதுவரை செய்ததல்ல. அதில் ஆவணத்தின் ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு சுருக்கம் எடுத்து, உங்களுக்கு மட்டும் சொந்தமான இரகசியச் சாவியால் அதைப் பூட்டுவார்கள். பிறகு யாராவது ஒரு முற்றுப்புள்ளியை மாற்றினாலும் கணக்குப் பிழைத்து, திறப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்தச் சாவி உங்களுடையதுதான் என்று ஒரு மூன்றாம் தரப்பு சான்று தர வேண்டும். இலங்கையில் லங்காபே நிறுவனம் நடத்தும் லங்காசைன் அப்படிப்பட்ட சேவை, அது இலவசமல்ல. கணினியிலுள்ள அக்ரோபட் ரீடரில் நீங்களே ஒரு சாவியைச் செலவில்லாமல் உருவாக்கலாம். ஆனால் யாரும் சான்று தராததால் மற்றவர் திறக்கும்போது ஒப்பமிட்டவரை உறுதிப்படுத்த முடியவில்லை என்றே காட்டும். பழகிப் பார்க்க நல்லது, அலுவலகத்துக்கு அனுப்ப உதவாது.

கடைசியாக, போனைத் திருத்தக் கொடுக்கும்போதும் விற்கும்போதும். அக்ரோபட்டிலும் ஐபோனிலும் நீங்கள் வைத்த ஒப்பம் அடுத்த முறைக்காகச் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த வசதிதான் அன்றைக்கு ஆபத்து. ஒப்பம் சேர்க்கும் இடத்துக்குப் போய், சேமித்ததை அழித்துவிடுங்கள். படக் கோப்பறையில் உள்ள ஒப்பப் படத்தையும், அழித்தவை சேரும் பெட்டியில் இருப்பதையும் சேர்த்து அழியுங்கள். விற்பதென்றால் போனை முழுதாக வெறுமையாக்கிவிட்டே கொடுங்கள். படத்தின் ஒரு பிரதியை மட்டும் உங்கள் மெயிலுக்கு முன்பே அனுப்பி வைத்திருந்தால், புதுப் போன் வாங்கிய அன்றே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.